உடம்பில் பாதரசம்: எந்தப் பரிசோதனை, எப்போது?

(அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)





போன மாதக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு தாயார் என்னை ஓரமாக அழைத்துப் போய், பர்தாவுக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சிவப்பழகு கிரீம். “மகளுக்கு நிக்காஹ் பேசியிருக்கோம். நாலு மாசமா இதைத்தான் பூசுறா. இதுல பாதரசம் இருக்கும்னு சொல்றாங்களே, உடம்புல ஏறிடுச்சான்னு பார்க்க டெஸ்ட் இருக்கா டாக்டரம்மா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கான பதிலைத்தான் இன்று எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

பயம் வீணானதல்ல. பக்கத்துக் கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒரு வகை நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அபூர்வமான ஒரு வகை பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். ஆறுதலான செய்தி என்னவென்றால், கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறிவிட்டார்கள்.

பாதரச உப்பு, தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. அதனால்தான் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. அங்கே வடிகட்டி கெட்டால் புரதம் சிறுநீரில் ஒழுகும். சிறுநீர் நுரைக்கும், காலையில் முகம் உப்பும், கால் வீங்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவையும் வரலாம். பூசியவரோடு இது நிற்பதில்லை. துண்டு, தலையணை, தொட்ட கை வழியாகப் பிள்ளைகளுக்கும் போகும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வீடுகளில் கிரீமைத் தொடாத குழந்தைகளின் சிறுநீரிலும் பாதரசம் கூடுதலாக இருந்தது.

இனி பரிசோதனைக்கு வருவோம். எல்லாப் பாதரசத்துக்கும் ஒரே டெஸ்ட் கிடையாது.

கிரீமில் வரும் பாதரசத்துக்கும், உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து வரும் ஆவிக்கும் சிறுநீர்ப் பரிசோதனையே சரியானது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்தோ, ஒரு வேளைச் சிறுநீரைக் கிரியாட்டினின் அளவோடு சேர்த்தோ பார்ப்பார்கள். லேப் கொடுக்கும் பாத்திரத்தில்தான் பிடிக்க வேண்டும், வீட்டு டப்பா ஆகாது.

இரத்தப் பரிசோதனை அண்மையில் உடம்பில் சேர்ந்ததைக் காட்டும். ஆனால் கடல் மீன் சாப்பிட்டிருந்தால் அதிலுள்ள பாதரசமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே சில நாட்களுக்கு முன்பே மீனை நிறுத்திவிட்டுப் போங்கள்.

முடிப் பரிசோதனை மீன், தானியம் போன்ற உணவு வழியாக வரும் மெத்தில் பாதரசத்துக்கு உரியது. ஈராக்கில் 1971-72இல், விதைப்பதற்காக மருந்து தடவி வந்த கோதுமையை ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தபோது, யார் உடம்பில் எவ்வளவு ஏறியது என்பதை முடியை வைத்தும் கணக்கிட்டார்கள். கிரீம் பூசியவருக்கு முடி டெஸ்ட் சரியான பதிலைத் தராது.

ஒரு மருந்தைக் கொடுத்து, பாதரசத்தைச் சிறுநீரில் வெளியேற்றி, அதன்பின் அளந்து பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அந்த மருந்து யாருக்குக் கொடுத்தாலும் அளவு கூடத்தான் செய்யும். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

காலம் முக்கியம். உடம்பில் சேர்ந்த பாதரசம் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பாதியாகிவிடும். பூசுவதை நிறுத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ரிப்போர்ட் சுத்தமாக வரலாம். அதனால் ஏற்கெனவே பாதிப்பு நடக்கவில்லை என்று ஆகிவிடாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலைத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் வந்த தொழிற்சாலை அது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டதும் 2001 மார்ச்சில் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். இடைப்பட்ட 15 வருடத்தில் உடம்பிலிருந்த பாதரசம் எப்போதோ வெளியேறியிருக்கும், நோய்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே சந்தேகம் வந்த உடனே பாருங்கள், ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நாம் செய்ய வேண்டியது இதுதான். முதலில் கிரீமை நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் பாலிதீன் பையில் இறுகக் கட்டி டாக்டரிடம் கொண்டு போங்கள், அதையும் சோதிக்க முடியும். அரசு மருத்துவமனையில் சிறுநீரில் புரதம் பார்ப்பது எளிய டெஸ்ட், அதை முதலில் செய்யுங்கள். பாதரச டெஸ்டுக்குப் பெரும்பாலும் மாதிரியை வெளியூர் லேபுக்கு அனுப்புவார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தாமதிக்கவே வேண்டாம்.

டப்பாவைப் படித்துப் பாருங்கள். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்குரி எல்லாமே பாதரசம்தான். தயாரித்தவர் பெயரும் பொருட்களின் பட்டியலும் இல்லாததை வாங்காதீர்கள். “வெள்ளி, தங்க நகையில் படக்கூடாது” என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள், பாதரசம் தங்கத்தையும் வெள்ளியையும் பிடித்துக்கொள்ளும். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொலுசில் படக்கூடாதது பிள்ளையின் கன்னத்தில் படலாமா?

அந்தத் தாயாரிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். மகளைத் திட்டாதீர்கள். நிறத்தைக் கேட்டுப் பெண் பார்க்கிறவர்கள் நாம்தானே? உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மருமகள் தேடும்போது நிறத்தைப் பற்றிய அந்த ஒரு கேள்வியை நாம் விட்டுவிட்டால், இந்த டப்பாக்களில் பாதி நம் வீட்டுக்குள் வராது, இன்ஷா அல்லாஹ்.