கரும்பு கற்றுத்தரும் காலநிலைப் பாடம்



காலநிலை மாற்றம் என்றதும் நம் வகுப்புகளில் உருகும் பனிப்பாறைதான் முதலில் வருகிறது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் படிக்கும் பல பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமான பாடம் பள்ளிக்கு வரும் வழியிலேயே நிற்கிறது. அதுதான் கரும்பு.

நெல் நான்கைந்து மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும். கரும்போ பத்து முதல் பன்னிரண்டு மாதம் வயலில் நிற்கும். எனவே எந்தப் பருவம் தவறினாலும் அதற்குப் பாதிப்புதான். இளம்பயிரில் வெயிலும் வறட்சியும் கூடினால் இளங்குருத்துப் புழு பெருகும். வளரும்போது தண்ணீர் குறைந்தால் கணுவிடை குட்டையாகும். முதிரும்போது இரவுக் குளிர் வேண்டும். அப்போதுதான் தண்டில் சர்க்கரை நன்றாகச் சேரும். இரவு வெப்பம் உயர்ந்தால், சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பயிரே சுவாசத்தில் செலவழித்துவிடும்.

இதில் கணக்குப் பாடமும் உண்டு. நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரையின் அளவே பிழிதிறன். அது 10 விழுக்காட்டிலிருந்து 9 ஆனால், 40 டன் கரும்பில் இழப்பு எவ்வளவு? 400 கிலோ சர்க்கரை. மாணவர்களே கணக்கிடட்டும்.

2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. ஒரு வறட்சியை மட்டும் வைத்துக் காலநிலை மாற்றம் என்று முடிவுகட்ட முடியாது. பல ஆண்டுப் பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே கற்பிக்கலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. "கரும்பு தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் பயிர்" என்று நாம் சொல்லும்போது, கரும்பை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளையும் எதிரே உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளை தலைகுனியக் கூடாது. வழியும் உண்டு என்று காட்ட வேண்டும். 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் நாணல் இனக் காட்டுக்கரும்போடு கலந்து உறுதியான ரகங்களை உருவாக்கினார்கள். சொட்டுநீர்ப் பாசனமும் சோகை மூடாக்கும் இன்று உழவர் கையில் உள்ளன.

இரண்டு தொட்டிகளில் ஒரே அளவு மண், ஒரே அளவு தண்ணீர். ஒன்றை மட்டும் சோகையால் மூடுங்கள். தினமும் எடைபோட்டு எழுதச் சொல்லுங்கள். எந்த மண் விரைவில் காய்கிறது என்பதை மாணவரே கண்டு, வீட்டில் போய்ச் சொல்வார்.