வில்லன் இல்லாத படங்கள்



எம்.என்.நம்பியார் திரையில் கைகளைப் பிசைந்துகொண்டு நடந்து வந்தாலே கொட்டகையில் இருந்த பெண்கள் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொந்த வாழ்க்கையில் அவர் சபரிமலைக்கு வருடம் தவறாமல் மாலை போட்டுப் போன குருசாமி. ஆனால் திரையில் அவரை அடித்து வீழ்த்தினால்தான் ஜனங்களுக்கு நிம்மதி. பி.எஸ்.வீரப்பா, அசோகன், ஆர்.எஸ்.மனோகர் என்று நீண்ட அந்த வரிசை, 1995-இல் 'பாட்ஷா' படத்தில் ரகுவரன் செய்த மார்க் ஆண்டனி வரை வந்து, இன்னும் தொடர்கிறது. கெட்டவன் யார் என்று ரசிகனுக்கு முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட வேண்டும், கடைசிப் பத்து நிமிடத்தில் அவன் விழுந்துவிட வேண்டும். தமிழ் சினிமா நமக்குப் பழக்கிய கணக்கு அது.

அண்மையில் பார்த்த படங்களில் எவை மனதில் தங்கின என்று யோசித்துப் பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் அடித்து வீழ்த்த ஆளே இல்லை. அந்தப் படங்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். நான் விமர்சகர் இல்லை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கிற ஒரு ரசிகரின் கருத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'மெய்யழகன்'. 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானது. '96' படத்தை எடுத்த பிரேம்குமார்தான் இயக்குநர். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து, 1996-இல் சென்னைக்குக் குடிபெயர்கிறது ஒரு குடும்பம். இருபத்திரண்டு வருடம் கழித்து, சித்தப்பா மகளின் கல்யாணத்துக்காக நீடாமங்கலத்துக்கு வருகிறார் அந்த வீட்டு மகன் அருள்மொழி. அரவிந்த் சாமி நடித்திருக்கிறார். யாரையும் பார்க்காமல், மொய் எழுதிவிட்டு, ராத்திரி பஸ் ஏறிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிற மனிதர். அங்கே "அத்தான், அத்தான்" என்று கார்த்தி வந்து ஒட்டிக்கொள்கிறார். இவன் யார், என்ன உறவு, பெயர் என்ன, எதுவும் அருளுக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம்.

வழக்கமான படமாக இருந்தால், சொத்தைப் பறித்த உறவினர்களைத் தேடிப்போய் இவர் கணக்குத் தீர்த்திருப்பார். இந்தப் படத்தில் அப்படி ஒரு காட்சியும் கிடையாது. அந்த அநியாயம் நடந்தது நடந்ததுதான், திரும்ப வரப்போவதில்லை. படம் பிடித்துக்கொண்டது வேறொன்றை: மனம் கசந்து ஊரைவிட்டுப் போனவர், அந்த ஊரில் தன்னை இன்னும் நேசிக்கிறவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடுகிறார். அருள் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் தன் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று கார்த்தி சொல்லும்போது, அருளின் முகத்தில் ஒரு வெட்கம் வருகிறதே, அதற்காகவே அரவிந்த் சாமியை எழுந்து நின்று வணங்கலாம். கல்யாண மேடையில் தங்கைக்கு அவர் நகை போட்டுவிடும் காட்சியில் திரையரங்கில் என் இருபுறமும் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அங்கே வசனமே அதிகம் இல்லை. கோவிந்த் வசந்தாவின் இசையும் இரண்டு முகங்களும் போதுமானதாக இருந்தன.

படம் நீளம் என்று பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடக் காட்சிகளை வெட்டினார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. இரவு முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டே இருப்பதுதான் இந்தப் படம். சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் பேச்சு நல்லது கெட்டதைத் தொட்டு, அரசியலுக்குப் போய், மாட்டைப் பற்றி வந்து, பழைய கதைக்குத் திரும்பும். அதை அவசரப்படுத்த முடியாது. பார்க்கிறவர்களுக்குப் பொறுமை வரட்டும் என்று இன்னும் இரண்டு வாரமாவது விட்டிருக்கலாம்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படம். ஆனால் அதை நம் படமாகவே பார்த்தோம். 2006-இல் கொடைக்கானல் குணா குகையில், ஒரு நண்பர் கூட்டத்தில் ஒருவன் குழிக்குள் விழுந்த உண்மைச் சம்பவம். 1991-இல் வந்த கமல்ஹாசனின் 'குணா'வால் பெயர் பெற்ற இடம். சந்தானபாரதி இயக்கி, இளையராஜா இசையமைத்த அந்தப் படத்தின் காதல் பாட்டு, குழிக்குள் விழுந்த நண்பனை மேலே கொண்டுவரும் தருணத்தில் ஒலித்தபோது அரங்கம் எப்படி ஆர்ப்பரித்தது என்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதலுக்காக எழுதிய வரிகள் நட்புக்கும் அப்படியே பொருந்தின. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த முதல் மலையாளப் படம் அதுதான். இதில் எதிரி ஓர் ஆழமான பள்ளம், அவ்வளவுதான்.

இனி 'லப்பர் பந்து'. 'மெய்யழகன்' வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் வந்தது. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். இந்தப் பேச்சின் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று நினைத்தேதான் வந்திருக்கிறேன்.

கெத்து என்ற நாற்பது வயதுக்காரர், ஊருக்கு ஊர் நடக்கும் ரப்பர் பந்துக் கிரிக்கெட்டில் பெயர்பெற்ற மட்டையாளர். 'அட்டகத்தி' தினேஷ் நடித்திருக்கிறார். அன்பு என்ற இளைஞன் நல்ல பந்துவீச்சாளன். ஹரிஷ் கல்யாண். கெத்துவின் ஆட்டத்தில் உள்ள ஒரு பலவீனத்தை அன்பு சொல்லிவிட, அது அவர் காதுக்குப் போக, இருவருக்கும் நடுவில் ரோஷம் மூள்கிறது. அன்பு காதலிக்கும் பெண் துர்கா, கெத்துவின் மகள். மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் நடக்கிற மோதல்தான் கதை.

யார் கெட்டவர்? யாரும் இல்லை. இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருக்குமே வீம்பு அதிகம். கிராமத்து மைதானத்தில் விளையாடியவர்களுக்கு இந்த வீம்பு நன்றாகத் தெரியும். பரிசுத்தொகை சில ஆயிரம்தான் இருக்கும். ஆனால் 'அவன் பந்தை நீ தொட முடியாது' என்று எவனோ சொன்ன சொல் பல வருடம் உள்ளேயே கிடக்கும். அதைத் திரையில் இத்தனை துல்லியமாக யாரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

கெத்து விஜயகாந்த் ரசிகர். அவர் மட்டையைப் பிடித்து இறங்கும்போதெல்லாம் 'பொன்மனச் செல்வன்' படத்துப் பாட்டு ஒலிக்கும். 2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் மறைந்தார். அடுத்த வருடமே ஒரு புது இயக்குநர் அவருடைய பாட்டை இப்படிக் கையில் எடுத்து, ஊரே எழுந்து கைதட்டும்படி செய்திருக்கிறார். இளையராஜா இசையமைத்த பாட்டு, முப்பத்தைந்து வருடம் கழித்துக் கல்லூரிப் பிள்ளைகள் வாயில் முணுமுணுப்பாக வந்தது. விஜயகாந்துக்கு இதைவிட அன்பான அஞ்சலி எந்த மேடையிலும் நடந்திருக்காது.

சுவாசிகா நடித்த யசோதாவை மறக்க முடியாது. ஊருக்குள் சிங்கமாகத் திரியும் கெத்து, மனைவிக்குத் தெரியாமல்தான் ஆட்டத்துக்குப் போவார். யசோதா டிராக்டரைக் கொண்டுவந்து மைதானத்தையே உழுதுவிடுகிற காட்சி ஒன்று உண்டு. சிரிக்க வைக்கிற காட்சிதான். ஆனால் பிழைப்பை விட்டு ஓடுகிற ஆண்களோடு குடும்பம் நடத்துகிற எத்தனையோ பெண்களின் கோபம் அந்த டிராக்டரில் ஏறி வருகிறது.

இதற்கெல்லாம் அடியில் படம் ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இத்தனை திறமை உள்ள அன்பு, எந்த அணியிலும் நிலையான ஆள் இல்லை. கூப்பிடுகிற அணிக்கெல்லாம் போய் ஆடிக் கொடுக்கிறான். சின்ன வயதில் அவன் ஆசைப்பட்ட ஜாலி ஃப்ரெண்ட்ஸ் அணியில் அவனைச் சேர்க்கவில்லை. காரணம் அவன் சாதி. அவனை வேண்டாம் என்றவர்கள் கையில் அரிவாளோடு நிற்கவில்லை. கூடவே டீ குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், நன்றாக ஆடினால் கைதட்டுகிறார்கள். அணிக்குள் மட்டும் விடமாட்டார்கள். சாதி நம் ஊர்களில் இப்படித்தான் இருக்கிறது. ஒரே ஒரு கொடூரமான பண்ணையாரிடம் அதை ஒட்டுமொத்தமாக ஏற்றி, அவரை அடித்து முடித்துவிட்டால், பார்க்கிறவர்கள் தங்களுக்கு அதில் பங்கில்லை என்று வீட்டுக்குப் போய்விடலாம். தமிழரசன் அந்த வசதியை நமக்குத் தரவில்லை. அதே சமயம் யாரையும் வெறுக்கவும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரு பொழுதுபோக்குப் படத்துக்குள் செய்வது சாதாரணக் காரியம் இல்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி' பற்றிச் சொல்லும்போது எனக்கு இரண்டு மனம். 2025 மே 1 அன்று, சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் வந்து ஜெயித்த படம். இருபதுகளில் இருக்கும் அபிஷன் ஜீவிந்த் இயக்கியது. இலங்கைப் பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பி, ராமேசுவரத்தில் கரையேறி, சென்னையில் ஒரு காலனியில் அடையாளத்தை மறைத்து வாழும் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் அவ்வளவு இயல்பு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழும் ஒரு தெருவை, இந்தக் குடும்பம் ஒன்றுசேர்க்கிறது. போலீஸ் விசாரிக்க வரும்போது தெருவே ஈழத்தமிழில் பேசி அவர்களைக் காப்பாற்றும் இடத்தில் நானும் நெகிழ்ந்தேன்.

ஆனால் வெளியே வந்த பிறகு ஒரு கேள்வி விடவில்லை. 2022 மார்ச்சிலிருந்து அப்படிக் கடல் கடந்து வந்தவர்கள் உண்மையில் எங்கே போனார்கள்? தனுஷ்கோடிக் கரையில் இறங்கியவர்களை மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கும் அதிகமான ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். 2021-இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்களில் பலருக்கும் குடியுரிமை எட்டாமல் இருக்கிறது. படம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எல்லாரும் நல்லவர்கள், அன்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிந்துவிடுகிறது. வில்லன் வேண்டாம், சரி. அநியாயமும் வேண்டாம் என்றால் எப்படி? முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணோ பையனோ இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அபிஷன் இளைஞர். அடுத்த படத்தில் அவர் அந்த இடத்துக்கும் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வில்லன் இல்லாத படம் இல்லை என்றாலும், நடுவில் 'மகாராஜா'வையும் சொல்லிவிடுகிறேன். விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம். காணாமல் போன குப்பைத்தொட்டியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஸ்டேஷனில் வந்து நிற்கும் சலூன்காரர். நிதிலன் சாமிநாதன் காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டுக் கதை சொன்ன விதம் அபாரம். சீனாவிலும் திரையிட்டார்கள், நன்றாக ஓடியது. எனக்கு அதில் ஓர் உறுத்தல். ஒரு பெண் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்கான ரகசியமாகப் பொத்தி வைத்திருக்கிறார்கள். திருப்பத்தின் அதிர்ச்சியில் அந்தப் பிள்ளையின் வலி பின்னுக்குப் போய்விடுகிறது. பலருக்கு இது பிடித்த படம். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக, பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. 2024 பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, ஆகஸ்டில் இங்கே வந்தது. பின்னணி இசையே கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ஒரு குடும்பம் ஆட்டோவிலும் வண்டிகளிலும் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. அந்த ஒரு பயணம்தான் படம். மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறையப் படம் முழுவதும் வாய் திறப்பதில்லை. அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் முறைமாமனாக, தொண்டையில் சுண்ணாம்பு தடவி, குரல் போன நிலையில் சூரி. எங்கோ ஒலிபெருக்கியில் கேட்ட சினிமாப் பாட்டை அவள் முணுமுணுத்தாள் என்பதற்காக, வண்டியை நிறுத்தி, அவளையும் தடுக்க வந்தவர்களையும் அவர் அடிக்கிற காட்சியைப் பார்த்து உடம்பு நடுங்கிவிட்டது. சிரிக்க வைத்த நடிகர் என்பதே மறந்துபோனது.

அந்த ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர்கள் அம்மா, அப்பா, அத்தை, அக்காமார். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள், தலை கோதுகிறார்கள். அவளை அழைத்துப் போவதும் அவர்கள்தான். 1979-இல் மகேந்திரன் 'உதிரிப்பூக்க'ளில் ஒரு கெட்டவனை நம் பக்கத்து வீட்டு மனிதனாகக் காட்டினார். ஆற்றில் இறங்கும் முன், தன்னைத் தண்டிக்க வந்த ஊராரையும் தன்னைப் போல ஆக்கிவிட்டதைச் சொல்லிவிட்டுப் போவான். வினோத்ராஜ் அதற்கும் ஒரு படி மேலே போய், கெட்டவன் என்று ஒருவனைத் தனியே பிரிக்க முடியாத குடும்பத்தைக் காட்டுகிறார். அண்மையில் வந்த தமிழ்ப் படங்களில் என்னைக் கலங்கடித்தது இதுதான். ஆனால் பல ஊர்களில் சில நாட்கள்கூட அது ஓடவில்லை.

நேயர்களே, 'லப்பர் பந்'தைக் குடும்பத்தோடு பாருங்கள். 'கொட்டுக்காளி'யை, வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கும் அம்மா அப்பாக்கள் அவசியம் பாருங்கள். இப்படி இன்னொரு படம் உங்கள் ஊருக்கு வந்தால், ஓடிடியில் வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் மூன்று நாட்களுக்குள் திரையரங்குக்குப் போய்விடுங்கள். நாலாவது நாள் அந்தக் காட்சி பெரும்பாலும் இருக்காது.