ரேடானுக்கு மாஸ்க் போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டதால் இந்த எழுத்து வடிவம்.)

 

போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சங்க நிதியில் வீட்டுக்குப் பத்து என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுக்கலாம் என்றார்கள். கிரானைட் தரை போட்ட வீட்டில் ரேடான் என்ற கதிரியக்க வாயு வருகிறது, நுரையீரல் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு செய்திதான் அதற்குக் காரணம். பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் என்னை விசாரித்துச் சொல்லச் சொன்னீர்கள்.

நான் விசாரித்து முடிப்பதற்குள் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் முந்திக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டியவர், பழைய மூச்சிரைப்பு உண்டு. வளைகுடாவில் இருக்கும் மகன் பாசத்தோடு அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, ஜன்னல்களை எல்லாம் சாத்தி, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டார். நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, கழற்றினால் ஒன்றும் ஆகாதா?" என்றுதான் முதலில் கேட்டார். அவருக்கு அன்று சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே சொல்கிறேன்.

ரேடான் ஏதோ தொழிற்சாலையில் இருந்து வருவதல்ல. மண்ணிலும் பாறையிலும் சிறிதளவு யுரேனியம் எங்கும் உண்டு. அது சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயுவை 1900இல் ஜெர்மானியர் டோர்ன் கண்டறிந்தார். வீட்டுக்குள் வரும் ரேடானில் பெரும்பங்கு அடிமண்ணிலிருந்து தரை விரிசல் வழியாக ஏறி வருவது. தரையில் பதித்த கல் தருவது பொதுவாகச் சிறு பங்குதான். திறந்த வெளியில் அது கரைந்து போய்விடும். மூடிய அறையில் தேங்கும். பெரியம்மா பயந்து செய்த முதல் காரியமே ரேடானைச் சேர்த்துவைக்கும் காரியம்!

சரி, மாஸ்க் தடுக்குமா? நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி ஒரு சோதனை சொல்கிறேன். நல்ல என்-95 ஒன்றைப் போட்டுக்கொண்டு மிளகாய் அரைக்கும் மில்லுக்குள் போங்கள். தும்மல் அவ்வளவாக வராது. அதே மாஸ்க்கோடு கருவாடு காயும் இடத்தைத் தாண்டிப் பாருங்கள். வாசனை தாராளமாக வரும். மிளகாய்த்தூள் துகள், அதனால் சிக்குகிறது. வாசனை வாயு, அதனால் நுழைகிறது. ரேடானும் வாயுதான், மாஸ்க்கின் இழைகளுக்கு நடுவே தடையில்லாமல் போய்வரும்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் "மாஸ்க் வீண்" என்று சொல்லி உட்கார்ந்திருப்பேன். ஆனால் நுரையீரலுக்குக் கேடு செய்வதில் பெரும்பங்கு ரேடானுடையது அல்ல. மூச்சில் உள்ளே போகும் ரேடான் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். அது சிதைந்து உண்டாகும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் ஆகியவை வாயு அல்ல, திடப்பொருள்கள். பிறந்தவுடனே காற்றிலுள்ள தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாயில் போய்ப் படிந்து, அங்கேயே ஆல்ஃபா கதிரை வெளியிடும். சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைத் தாக்குவது முக்கியமாக இந்தச் 'சேய்'கள்தான் என்று 1951இல் அமெரிக்காவின் வில்லியம் பேல் சுட்டிக்காட்டினார். துகள் என்று வந்துவிட்டால் மாஸ்க்கிடம் சிக்கும். அண்மையில் ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ ஆய்வகத்தில் சோதித்தபோது இதுவே தெரிந்தது: மாஸ்க் ரேடானைத் தடுக்கவில்லை, சேய்களில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்தது.

இதில் பழைய கதை ஒன்றும் உண்டு. ஜெர்மன் மருத்துவர் அக்ரிகோலா சுரங்கத்தொழில் பற்றி எழுதி 1556இல் வெளியான நூலில், தூசி உள்ளே போகாமலிருக்கத் தொழிலாளர்கள் முகத்தில் துணித்திரை கட்டுவதைக் குறிப்பிடுகிறார். ரேடான் என்ற பெயரே பிறக்காத காலம் அது. அதே மலைப்பகுதியில் உள்ள ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்ற நோய் நுரையீரல் புற்றுநோய் என்று 1879இல்தான் கண்டுபிடித்தார்கள்.

மாஸ்க்கில் படிந்த கதிரியக்கம் அப்படியே தங்கிவிடுமோ என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் சேய்களின் அரைவாழ்வு அரைமணி நேரத்துக்கும் குறைவு. கழற்றி மூலையில் வைத்தால் நாலைந்து மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும்.

அப்படியானால் வாங்கலாமே என்பீர்கள். ரேடானின் கேடு ஒருநாள் இருநாளில் வருவதல்ல, பல ஆண்டுகள் வீட்டுக்குள் சுவாசிப்பதால் வருவது. தூக்கத்தில், சாப்பாட்டில், பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போது என்று இருபது வருடம் யார் மாஸ்க் போட்டிருக்க முடியும்? சுரங்கத்துக்குள் சில மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு அது உதவும். அங்கேகூடக் காற்றோட்டத்துக்குத்தான் முதலிடம். மூச்சிரைப்பு உள்ள பெரியம்மாவுக்கு இரவு முழுக்க என்-95 போடுவது வேறு தொல்லை. ஜன்னலைத் திறந்தால் ரேடானும் போகும், சேய்களும் போகும். மின்விசிறி ரேடானைக் குறைக்காது, ஆனால் சேய்களைச் சுவரிலும் இறக்கையிலும் படியவைத்துக் காற்றில் குறைக்கும். கொசுவுக்குப் பயந்து சாத்துகிறீர்கள் என்றால் வலை அடியுங்கள். மாஸ்க் காசில் ஒரு ஜன்னலுக்காவது வலை அடிக்கலாம்.

மதியம் கடற்காற்று வீட்டின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும் ஊர் நம்முடையது. குளிருக்குப் பயந்து மாதக்கணக்கில் மூடிவைக்கும் நிலவறை வீடுகள் உள்ள நாடுகளில் எழுதப்பட்ட எச்சரிக்கையை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. கவனிக்க வேண்டியது, புதிதாகக் கட்டி எப்போதும் ஏசி போட்டு மூடியே வைத்திருக்கும் கீழ்த்தள அறைகளை. சந்தேகம் இருந்தால் அளக்கலாம். எல்ஆர்-115 என்ற சிறு ஃபிலிமைக் கூட்டுக்குள் வைத்துச் சில மாதம் அறையில் தொங்கவிட்டால் ஆல்ஃபா கதிர் பட்ட தடங்கள் அதில் பதியும். நம் நாட்டு ஆய்வாளர்கள் பல ஊர் வீடுகளை இப்படித்தான் அளந்திருக்கிறார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது, அது முடியாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது. அளக்காமல் மாஸ்க் வாங்குவது காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரை விழுங்குவது மாதிரி.

கரையில் கறுப்பு மணல் கோடு தெரிகிறதே, மணவாளக்குறிச்சி மாதிரி நமக்கும் ஆபத்தா என்று சிலர் கேட்டார்கள். அங்கே பேசப்படுவது மோனசைட், அதில் தோரியம் இருக்கிறது. மோனசைட் தேன் நிறம். கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட் போன்ற கனிமங்கள். மணல் கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். புகைப்பவருக்கு ரேடானால் வரும் ஆபத்து புகைக்காதவரைவிட ஏறத்தாழ 25 மடங்கு என்று அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. போன கூட்டத்தில் மாஸ்க் வேண்டும் என்று கை தூக்கியவர்களில் இரண்டு பேர் வெளியே போய் சிகரெட் பற்றவைத்ததைப் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன்.

பெரியம்மா மாஸ்க்கைக் கழற்றிவிட்டார், ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. மூச்சிரைப்புக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

இவ்வளவு பேசியதற்கு உண்மையான காரணம் வேறு. வாயுவை மாஸ்க் தடுக்காது என்பது ரேடானைவிட நம் தெருவில் அவசரமாகத் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: செப்டிக் டேங்க். அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு அளவுக்கு மேல் போனால் மூக்கு உணர்வதையே நிறுத்திவிடும். நாற்றம் இல்லையே என்று நினைக்கும் நேரத்தில் ஆள் மயங்கி விழுவார். தூக்கப்போகும் அடுத்தவரும் விழுவார். போன மாதம் ஒரு வீட்டில், "மாஸ்க் தருகிறேன், இறங்கிப் பாரப்பா" என்று ஒரு தொழிலாளியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். நல்லவேளை, அந்தப் பையன் இறங்கவில்லை. தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள். வண்டிக்காரர் எண் செயலாளரிடம் இருக்கிறது, எந்த நேரமும் கேட்கலாம்.