மெத்துன்னு ஒரு செருப்பு

கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில் செருப்பு வாங்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். “ஏனுங்க, மெத்துன்னு இருக்கற மாதிரி ஒண்ணு காட்டுங்க.” கடைக்காரரும் ஒரு செருப்பை எடுத்து, முன்னும் பின்னும் பிடித்து இரண்டாக மடித்துக் காட்டுவார். மடிந்தால் நல்ல செருப்பு. இது நம் ஊர்க் கணக்கு. பல கால்களுக்கு இந்தக் கணக்கு சரியாகவே வரும். சில கால்களுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

செருப்பின் விறைப்பைத் திட்டமிட்டுக் கூட்டிக் குறைப்பவர்கள் உலகில் உண்டு. பனிச்சறுக்கு வீரர்கள் அவர்களில் முதல் வரிசை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போட்டியிட்ட ஒரே வீரர் காஷ்மீரத்தைச் சேர்ந்த ஆரிஃப் கான். அவரைப் போன்றவர்கள் மாட்டும் பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. வீரர் கெண்டைக்கால் முன்னெலும்பைப் பூட்ஸில் சாய்த்து அழுத்துவார். அந்த அழுத்தம் சறுக்குப் பலகைக்கு இறங்கிப் பலகை திரும்பும். பூட்ஸ் குழைந்தால் அழுத்தம் பாதியிலேயே வீணாகும். அளவுக்கு மீறி விறைத்தாலோ, புதிதாகக் கற்பவருக்குக் கணுக்கால் மடியாமல் உடம்பு பின்னுக்குச் சாயும். அதனால் 60, 100, 130 என்று பூட்ஸுக்கு விறைப்பு எண் போடுகிறார்கள். இந்த எண்ணுக்குப் பொதுத் தரக்கட்டுப்பாடு இல்லாததால் ஒரு கம்பெனியின் 100 இன்னொரு கம்பெனியின் 100 ஆகாது. குளிரில் பிளாஸ்டிக் மேலும் இறுகுவதால், கடைக்குள் இதமாக இருந்த பூட்ஸ் மலையில் வேறு குணம் காட்டும். பல பூட்ஸ்களில் குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் ஒன்றிரண்டு திருகுகள் இருக்கும். ஒன்றைக் கழற்றினால் பூட்ஸ் சற்று இளகும்.

பனியே பார்க்காத நமக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் காலணியின் எந்த இடம் இளக வேண்டும், எந்த இடம் இறுக வேண்டும் என்ற இதே ஆராய்ச்சி தமிழ்நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதை நடத்தியவர் கொங்கு மண்ணில் பிறந்தவர். நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதியின் மகன் பால் பிராண்ட், 1914-இல் அங்கேயே பிறந்தார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனவர், 1946-இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பி வந்தார்.

தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகள் அவருக்குப் புகழ் தந்தன. கால்களோ வேறு கதை. புண் ஆறி வீட்டுக்குப் போனவர்கள் அதே இடத்தில் புண்ணோடு திரும்பி வந்தார்கள். நோய் சதையை அழுகவைக்கிறது என்றே அன்று பலரும் நம்பினார்கள். பிராண்டும் அவரது குழுவினரும் கண்டது வேறு. கால் மரத்துப்போனவர் எல்லோரையும் போலத்தான் நடக்கிறார். நமக்கு ஓரிடம் வலித்தால் நம்மை அறியாமலே சற்று நொண்டி, பாரத்தை வேறு பக்கம் மாற்றிக்கொள்வோம். மரத்த காலுக்கு அந்தத் தகவல் வருவதில்லை. கட்டைவிரலுக்கு அடியில் உள்ள மேடு ஆயிரக்கணக்கான அடிகளையும் ஒரே இடத்தில் வாங்குகிறது. முள்ளோ கல்லோ வேண்டியதில்லை, நடையே போதும்.

இதற்கான விடையாகப் பரவியதுதான், ஆஸ்பத்திரிகளில் இன்றும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று சொல்லப்படும் செருப்பு. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர் அதன் உள்தளம். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய காலணிப் பணிக்குப் பேர் பெற்றது. ரப்பரின் கடினத்தை ‘ஷோர்’ என்ற அளவால் சொல்வார்கள். உள்தளத்துக்கு ஏறக்குறைய 15 ஷோர் ஏற்றது. அதற்கு மேல் போகப் போகப் பாரம் பரவாமல் ஓரிடத்திலேயே குத்தும். மிகவும் குறைந்தால் ரப்பர் முழுக்க அமுங்கிக் கால் தரைதட்டிவிடும். கருவி இல்லாத ஊரில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். பாதிக் கனத்துக்கு அமுங்கி, விட்டவுடன் எழும்பினால் சரி.

மென்மை அதோடு முடிந்தது. அடித்தளம் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். நம் தோட்டங்காடுகளில் போட்டு நடந்த டயர் செருப்பை நினைத்துக்கொள்ளலாம், எம்.சி.ஆர். செருப்பின் அடியிலும் பழைய வண்டி டயரை வைத்து ஒட்டுவதுண்டு. முள் ஏறாது. புண்பட்டு ஆறிய காலுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், மடியவே மடியாத அடியைப் போட்டு, அதன் முன்பகுதியைத் தொட்டில் அடிபோல மேல்நோக்கி வளைப்பார்கள். குதிகால் எழும்போது செருப்பு உருளும், பாதம் மடியாது. மடியாததால் அந்த மேட்டில் பாரம் குவிவதில்லை. கடைக்காரர் மடித்துக் காட்டிய செருப்பு எங்கே தவறுகிறது என்பது இப்போது விளங்கும்.

திருகு இல்லாவிட்டாலும் இங்கேயும் திருத்தம் உண்டு. மேட்டுக்குச் சற்றுப் பின்னால் அடியில் ஒரு ரப்பர் பட்டையைக் குறுக்கே ஒட்டினால் பாரம் பின்னுக்கு நகரும். அடுக்குகளுக்கு நடுவே உலோகத் தகடு வைத்தால் விறைப்பு கூடும். ஆணி மட்டும் கூடவே கூடாது: உள்ளே ஏறினாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. இத்தனை நல்ல செருப்பையும் போட மறுத்தவர்கள் இருந்தார்கள். ஊரார் அதைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற கூச்சம்தான் காரணம், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்று கொங்கு நாட்டில் கால் மரத்துப்போக முதன்மையான காரணம் சர்க்கரை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களில் சர்க்கரைக்காரர்களும் இருப்பார்கள். வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்து, கொப்புளம் வந்ததை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்பவர்களும் உண்டு. பக்தியை யாரும் குறைத்துக்கொள்ள வேண்டாம், மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பலாம். பரிசோதனை எளியது: 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொடுவார்கள். தொட்டது தெரியாத இடம் இருந்தால், செருப்புக் கடையில் கேட்க வேண்டியது இதுதான்: உள்ளே அமுங்கி எழும்பும் தளம், அடியில் மடியாத கட்டை, நழுவாமல் பிடிக்கக் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். எம்.சி.ஆர். நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும், அடித்தளம் தேயாவிட்டாலும் உள்தளத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.