இடைவெளியில் இருக்கிறது சூட்சுமம்

பேட்டரி மின்சாரத்தை வேதிவினை மூலம் சேமிக்கிறது. சூப்பர் மின்தேக்கி, மின்முனையின் பரப்பில் அயனிகளை ஈர்த்து வைத்துச் சேமிக்கிறது. அதனால்தான் நொடிகளில் நிரம்புகிறது. அப்படியானால் பரப்பு கூடக்கூடச் சேமிப்பும் கூட வேண்டுமல்லவா? ஓர் அணு தடிமனே உள்ள கிராஃபீனுக்கு, கணக்குப்படி கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் பரப்பு. சுமார் 550 ஃபாரட் மின்தேக்கம் கிடைக்க வேண்டும். நடைமுறையில் அந்த அளவை எட்டுவது அரிது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அயனி நுழைய வழியில்லாமல் பெரும்பரப்பு வீணாகிறது. ஆகவே, அயனி எட்டக்கூடிய பரப்புதான் கணக்கில் சேரும்.

இதற்குச் சான்று மேக்ஸீன். 2011-ல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் உருவான டைட்டானியம் கார்பைடு தாள்கள் இவை. பரப்பு கிராஃபீனைவிட மிகக் குறைவு. ஆனால் தாள்களுக்கிடையே நீரும் அயனிகளும் எளிதில் புகுகின்றன. கந்தக அமிலத்தில் புரோட்டான்கள் வந்து சேரும்போது டைட்டானியம் அணுக்களும் எலெக்ட்ரான்களை ஏற்கின்றன. 2014-ல் அங்குள்ள ஆய்வாளர்கள் கன சென்டிமீட்டருக்கு 900 ஃபாரட் வரை பதிவு செய்தார்கள். வழக்கமான கரி மின்முனையைவிட இது பல மடங்கு. லித்தியம் பேட்டரியின் கொள்ளளவுக்கு இது ஈடாகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஈரமும் காற்றும் சேர்ந்தால் மேக்ஸீன் ஆக்சிஜனேற்றமடைந்து கெடும் என்பதும் உண்மை. ஆனால் ரயில் பிரேக் போடும் சில நொடிகளில் கிடைக்கும் ஆற்றலைப் பிடிக்க, கொள்ளளவைவிட வேகமே முக்கியம். புதுப்புதுப் பொருள்களைத் தேடுவதோடு, கையிலுள்ள தாள்களுக்கிடையே அயனிக்கு வழிவிடுவதிலும் ஆய்வாளர்கள் கவனம் வைக்க வேண்டும்.