பரீட்சை ஒன்று, பாடசாலை பல

(கிளிநொச்சியில் நடந்த பெற்றோர், விவசாயிகள் கூட்டமொன்றில் ஓர் ஆசிரியர் ஆற்றிய சொற்பொழிவு)



பல்கலைக்கழக அனுமதியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தமிழ் மேடைகளில் இதைவிட அதிகமாகப் பேசப்பட்ட பொருள் வேறொன்று இருக்குமோ என்பது ஐயமே. "எங்கள் பிள்ளைகளின் புள்ளியை வெட்டினார்கள்" என்று தொடங்கி, அதே வாக்கியத்தோடு முடித்துக்கொண்டு இறங்கிவிடலாம், கரகோஷமும் கிடைக்கும். ஆனால் பூநகரியிலிருந்தும் கண்டாவளையிலிருந்தும் வயல்வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கரகோஷத்தால் ஆவது ஒன்றுமில்லை. ஆகவே பழைய கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இன்றைய கணக்குக்கு வருகிறேன்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. நம் முன்னோர் அதைச் சர்வகலாசாலை என்று அழைத்தனர். அக்காலத்தில் அதன் பிரவேசப் பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலமும் விஞ்ஞானமும் நன்றாகக் கற்பித்த பாடசாலைகளின் பிள்ளைகளே பெரும்பாலும் உள்ளே போயினர். யாழ்ப்பாணத்துக்கு அந்த வாய்ப்பு முன்னரே கிட்டியிருந்தது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரியைத் தொடங்கியது 1823இல். பின்னர் கிறிஸ்தவக் கல்லூரிகளும் சைவக் கல்லூரிகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டு வளர்ந்தன. வன்னிக்கும் மன்னாருக்கும் மட்டக்களப்பின் படுவான்கரைக்கும் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும் அந்தப் போட்டியின் பயன் எட்டவில்லை. இதை நாம் மேடையில் சொல்வதில்லை. சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

1970இல் பதவியேற்ற அரசாங்கம், 1971ஆம் ஆண்டு அனுமதியில், பரீட்சை எழுதிய மொழியை வைத்து வெட்டுப்புள்ளியைப் பிரித்தது. மருத்துவத்துக்கு 400க்குத் தமிழ் மாணவனுக்கு 250 புள்ளி வேண்டும். சிங்கள மாணவனுக்கு 229 போதும். பொறியியலுக்கு முறையே 250, 227. ஆங்கிலத்திலேயே விடையெழுதிய இரு இனத்து மாணவருக்கும்கூட இந்த வேற்றுமை காட்டப்பட்டதென்று வரலாற்றாசிரியர் கே. எம். டி சில்வா எழுதியிருக்கிறார். இது எந்த நியாயத்துக்குள் அடங்கும்? கொழும்பின் பெரிய கல்லூரியில் ஆய்வுகூடமும் நூலகமும் சூழக் கற்ற சிங்கள மாணவனுக்குச் சலுகை. மன்னாரில் ஒரு குடுவையைக் கூடத் தொட்டறியாத தமிழ் மாணவனுக்குத் தண்டனை. கல்வி வசதியின் குறைவை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு பிறப்பை அளந்தார்கள். விஞ்ஞானத் துறைகளில் தமிழ் மாணவரின் பங்கு 1970இல் ஏறக்குறைய 35 வீதமாக இருந்தது, 1975இல் 19 வீதமாயிற்று. அந்த வீழ்ச்சியிலிருந்து கிளம்பிய கசப்பு இந்த நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இந்த ஊராருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இங்கேதான் நான் உங்களை நிதானிக்கக் கேட்கிறேன். மொழிவாரித் தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் ஒரே மூட்டையில் கட்டி இரண்டையும் ஒருசேரக் கண்டிப்பது நம் வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. கிளிநொச்சி அன்று தனி மாவட்டமா? இல்லை. 1984ஆம் ஆண்டு வரை இது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. அதாவது, இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்தவரின் மகன், யாழ் நகரின் பெரிய கல்லூரிப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே மாவட்டப் பங்குக்காகப் போட்டியிட்டான். யாழ்ப்பாணம் "முன்னேறிய மாவட்டம்" என்று கணிக்கப்பட்டபோது அந்தப் பட்டம் இவன் தலையிலும் ஏறியது. 1984இல் எல்லைக்கோடு மாறியது. மாணவனுக்குத் தனி மாவட்டப் பங்கு கிடைத்தது. ஆனால் அவன் பாடசாலையில் ஏதாவது மாறியதா? கூரையும் அதே கூரை, கிணறும் அதே கிணறு, பௌதிக ஆசிரியர் வருவார் வருவார் என்று பார்த்திருந்த பார்வையும் அதே பார்வை.

மாவட்டம் என்பது நிர்வாகத்துக்காகக் கீறிய கோடு. அதைக் கல்வியின் அளவுகோலாகக் கொள்வதில் உள்ள குறை இதுவே.

இனி இன்றைய விதிக்கு வருவோம். உயர்தரப் பரீட்சையில் ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி: இவை அடிப்படைத் தகைமை. மூன்று தடவைக்கு மேற்பட்ட முயற்சி கணக்கில் எடுக்கப்படமாட்டாது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, நுவரெலியா ஆகியவை அந்தப் பதினாறில் அடங்கும். எந்த ஒதுக்கீட்டை நாம் மேடையில் ஏசுகிறோமோ, அதே ஒதுக்கீட்டின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வன்னியின் பிள்ளைகள் பலர் மருத்துவ பீடத்தின் படியேறினார்கள். தோட்டத் தொழிலாளியின் மகளும் அப்படியே. "திறமை ஒன்றே போதும், ஒதுக்கீடு வேண்டாம்" என்று யாழ் நகரில் ஒருவர் பேசும்போது, அவர் யாருடைய வாயிற்கதவை அடைக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

2001ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து 'இஸற்' புள்ளி நடைமுறையில் இருக்கிறது. பலர் இதை ஏதோ மந்திரக்கணக்கென்று அஞ்சுகிறார்கள். விவசாயிக்கு இது புரியாத கணக்கன்று. மானாவாரியில் ஏக்கருக்கு இருபது மூட்டை எடுத்தவன் கெட்டிக்காரனா, வாய்க்கால் தண்ணீரில் இருபது மூட்டை எடுத்தவன் கெட்டிக்காரனா என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அந்தந்த நிலத்தில் அவ்வருடம் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். அதேதான் இங்கும். ஒரு பாடத்தில் நாட்டின் சராசரி 40, புள்ளிகளின் பரவல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 பெற்றவன் சராசரியிலிருந்து 30 மேலே. 30ஐ 15ஆல் பிரித்தால் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 55, பரவல் 10. அதிலும் 70 பெற்றவனுக்கு 15ஐப் பத்தால் பிரிக்க, 1.5 மட்டுமே. மூன்று பாடத்துக்கும் இப்படிக் கண்டு சராசரி எடுப்பதே இஸற் புள்ளி. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒரே கூட்டமாகக் கலந்து கணித்தபோது, 2012இல் உயர் நீதிமன்றம் இரு தொகுதியையும் தனித்தனியே கணிக்கப் பணித்தது. வேறுவேறு நிலத்தில் விளைந்ததை ஒரே படியால் அளக்கக்கூடாது என்ற நியாயத்தை அன்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

நல்லது. இஸற் புள்ளி பாடத்தின் கடினத்தைச் சமன்செய்கிறது. பாடசாலையின் கடினத்தை அது சமன்செய்வதில்லை. நாட்டில் பதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் உண்டு. உயர்தர விஞ்ஞானம் உள்ள 1ஏபி வகைப் பாடசாலைகள் அவற்றில் ஏறக்குறைய ஆயிரமே. மற்றவற்றில் படிக்கும் பிள்ளைக்கு விஞ்ஞானம் வேண்டுமானால், ஊரை விட்டுப் போகவேண்டும்.

போனால் என்ன நடக்கிறது? பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்தப் பாடசாலையில் கூடுதலான காலம் கற்றார் என்பதைப் பார்த்தே மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் பின்தங்கிய மாவட்டத்துக்குப் பிள்ளையைக் கடைசி நேரத்தில் அனுப்பிக் குறைந்த வெட்டுப்புள்ளியில் இடம்பிடிப்பதைத் தடுக்கவே இந்த விதி. அந்த நோக்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் பூநகரிப் பிள்ளை ஒன்று, ஊரில் ஆசிரியர் இல்லையே என்று யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தால், அது யாழ்ப்பாண மாவட்டத்துப் பிள்ளையாகிவிடுகிறது. ஊரில் இருந்தால் ஆசிரியர் இல்லை. ஊரை விட்டால் மாவட்டம் இல்லை. தகப்பன் விதைநெல்லை விற்று அனுப்பிய பயணத்துக்கு இதுவா பரிசு?

இன்னுமொன்று சொல்கிறேன். இது என் குற்றமும் கூட. என்னிடம் படித்த ஒரு மாணவி, நெல் விதைக்கும் குடும்பத்தவள். பதினொராம் வகுப்பு முடித்து உயிரியற் பிரிவில் சேர்ந்தாள். பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லை. விவசாய விஞ்ஞானத்துக்கு இருந்தார். பௌதிகத்துக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கப் பாடத்திட்டம் இடந்தருகிறது. எடுத்தாள், நன்றாகச் சித்தியெய்தினாள். விண்ணப்பம் நிரப்பும் நாளிலேதான் அவளுக்குத் தெரியவந்தது, மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டுமென்று. பதினாறு வயதில், ஓர் ஆசிரியர் வெற்றிடத்தின் காரணமாக, தானறியாமலே ஒரு கதவைச் சாத்திவிட்டாள். நான் அப்போது அதே பாடசாலையில் இருந்தேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவள் என்னிடம் கோபிக்கவில்லை. "சேர், இதை முதலே யாரும் சொல்லேல்லையே" என்று மாத்திரம் கேட்டாள்.

ஆகவே நம் கோரிக்கையை மாற்றிக் கேட்கவேண்டும் என்கிறேன். மாவட்ட ஒதுக்கீட்டை ஒழி என்று கேட்கவேண்டாம். மாவட்டத்துக்குள்ளே பாடசாலையைப் பார் என்று கேட்போம். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொராம் வகுப்பு வரை பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தது, அங்கே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இருந்தாரா என்ற பதிவு கல்வித் திணைக்களத்திடம் இருக்கவேண்டிய பதிவு. மேலதிகமாகக் கொடுக்கும் அந்த 5 வீதத்தையாவது அந்தப் பதிவின்படி பங்கிட்டால் என்ன? இன்றோ, கிளிநொச்சிக்குக் கிடைக்கும் இடத்தை நகரத்து ரியூட்டரிகளுக்குப் போய்வர முடிந்த பிள்ளையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளையை நான் குறைகூறவில்லை. கரைச்சியின் குளக்கட்டுக்கு அப்பால் உள்ள பிள்ளைக்கு அந்த இடம் பெயரளவில்தான் இருக்கிறது என்கிறேன். இப்படி ஒரு முறை வந்தால் மொழியும் இனமும் கேட்கப்படமாட்டா. மொனராகலைச் சிங்கள விவசாயியின் மகனும் புத்தளத்து முஸ்லிம் மீனவரின் மகளும் இதனால் பயனடைவர். 1971இல் நமக்கு இழைத்த அநீதிக்கு நேர் எதிரானது இது.

தரம் குறைந்துவிடும் என்பார்கள். உள்ளே வந்த பிள்ளை பல்கலைக்கழகத்தின் பரீட்சையை மற்றவர்களோடு ஒரே தாளில் எழுதித்தானே வெளியேறுகிறது? அங்கே ஒதுக்கீடு இல்லையே. விஞ்ஞான பீடங்களில் போதனை ஆங்கிலத்தில் என்பதால் முதல் வருடம் இடறும் என்பது உண்மை. அதற்கு மருந்து ஆங்கில வகுப்பு, வாயிலை அடைப்பதன்று.

உயர்தரம் கைகூடாத பிள்ளைகளுக்கும் வழியுண்டு என்பதைப் பல பெற்றோர் அறியார். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் உயர்தரச் சித்தியில்லாதவர் அடிப்படைக் கற்கைநெறியொன்றை முடித்துப் பட்டப்படிப்புக்குச் செல்லலாம். தேசிய தொழிற்தகைமை ஐந்தாம் மட்டம் வரை போனவர், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அத்தகைய தொழிற்பயிற்சி தரும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் நம் அறிவியல் நகரிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் அங்கேயே. அவற்றின் மதிலுக்கு வெளியே நெல் விளைகிறது. மதிலுக்கு உள்ளே இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் பிரதிநிதிகளிடம் கேளுங்கள். வாக்குக் கேட்டு வரும் நாளில் கேளுங்கள். அன்றுதான் பதில் கிடைக்கும்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரு வேலை மிச்சமிருக்கிறது. இவ்வருடம் விண்ணப்பிக்கவுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் போய்விடவேண்டாம். அனுமதிக் கைநூலை நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரு குறியெண் உண்டு. விருப்ப ஒழுங்கை ஒருமுறை பிழையாக எழுதினால் நல்ல புள்ளி இருந்தும் வேண்டாத இடத்துக்குப் போகநேரும். பதினொராம் வகுப்புப் பிள்ளை உள்ளவர்கள் இந்தப் பக்கத்து மேசைக்கு வாருங்கள். எந்தப் பாடத்தை எடுத்தால் எந்தக் கதவு சாத்தப்படும் என்பதைப் பாடந்தெரிய முன்பே, இன்றைக்கே, உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.