முதுமைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

(கருவேப்பிலங்குறிச்சியில் வணிகர்கள், இளைஞர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)

 

பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. அங்கே நிரந்தர வேலையில் இருப்பவருக்கு மாதச் சம்பளத்திலேயே வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறது. ஓய்வு பெறும்போது ஒரு தொகை கைக்கு வருகிறது. நம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு யார் பிடித்து வைக்கிறார்கள்? சவூதியில் பதினைந்து ஆண்டு வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பிய தம்பிக்கு யார் பிடித்து வைத்தார்கள்? யாருமில்லை!

'கடைதான் எனக்குப் பென்ஷன்' என்கிறீர்கள். உங்கள் மகன் கடையில் உட்காராமல் சென்னைக்கோ துபைக்கோ போய்விட்டால்? உடல் தளர்ந்தபின் கடை ஓடுமா? செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைப் பஞ்ச ஆண்டுகளுக்குச் சேமித்து வைக்க வழிகாட்டினார்கள் நபி யூசுஃப் (அலை) அவர்கள். சேமிப்பு என்பது தவக்குலுக்கு எதிரானதல்ல.

சேமித்ததை எங்கே வைப்பது என்பதுதான் நமக்குச் சிக்கல். வங்கி வைப்பில் வட்டி வருகிறது, நமக்கு ஹராம். வீட்டில் வைத்தால் விலைவாசி தின்றுவிடுகிறது. இந்தத் தவிப்பைத் தெரிந்துகொண்டுதான் சிலர் நம்மைத் தேடி வருகிறார்கள்.

பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனத்துக்கு என்ன நடந்தது? 'ஹலால் முதலீடு' என்று சொல்லி, மாதந்தோறும் லாபப் பங்கு கொடுத்து நம்பவைத்தார்கள். 2019 ஜூனில் கதவு மூடப்பட்டது. நிறுவனர் நாட்டை விட்டே போய், ஜூலையில் டெல்லியில் கைதானார். பணம் போட்டிருந்த பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். தாடியையும் தொப்பியையும் பார்த்து நம்பியவர்கள்! இது நம் சமுதாயத்துக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 2022இல் சென்னை ஆருத்ரா கோல்டு வழக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலிக்கப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறியது.

சகோதரர்களே! ஏமாறாமல் இருக்க மார்க்கமே நமக்கு ஓர் உரைகல் தந்திருக்கிறது. கூட்டு வணிகத்தில் லாபம் ஏறும், இறங்கும், நட்டமும் வரும். நட்டத்தில் பங்கில்லாமல் 'மாதம் இவ்வளவு நிச்சயம்' என்றால் அது வட்டி. ஆகவே ஒருவர் 'ஹலால்' என்றும் சொல்லி, 'நிச்சய லாபம்' என்றும் சொன்னால், இரண்டில் ஒன்று பொய். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்!

அப்படியானால் பங்குச் சந்தை? பங்கு வாங்குவது என்பது ஒரு தொழிலில் கூட்டாளி ஆவது. மது, வட்டித் தொழில், சூதாட்டம், புகையிலை ஆகியவற்றை ஒதுக்கி, வட்டிக் கடன் அளவு மீறிய நிறுவனங்களையும் நீக்கித் தேசியப் பங்குச் சந்தை நிஃப்டி ஷரியா குறியீடுகளை வெளியிடுகிறது. இந்த நெறியில் இயங்கும் பரஸ்பர நிதிகளும் உண்டு. 1996இல் தொடங்கிய டாடா எத்திகல் ஃபண்ட் ஒன்று, 2009இல் வந்த டாரஸ் எத்திகல் ஃபண்ட் மற்றொன்று. பெயர் சொல்வது பரிந்துரை அல்ல. வழி இருக்கிறது என்று காட்டத்தான். நிறுவன வருவாயில் கலந்துவிடும் சிறு வட்டிப் பங்கை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஜகாத்தும் கணக்கிட வேண்டும். ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஹலால் என்பதால் விலை இறங்காது என்று எண்ண வேண்டாம்! ஹர்ஷத் மேத்தா காலத்தில், 1992 ஏப்ரலில் 4,400ஐத் தாண்டிய சென்செக்ஸ் ஓராண்டில் பாதிக்கும் கீழே வந்தது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்டது, அக்டோபரில் 8,000க்குக் கீழே சரிந்தது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. அதே நவம்பரில் பழைய உச்சத்தைக் கடந்தது. 2020 ஏப்ரலில் மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தவர் அடிமட்ட விலைக்கு விற்றிருப்பார். பத்து ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணத்தைப் போட்டவர் பொறுத்திருந்திருப்பார். சந்தை ஒன்றுதான், பணம் தேவைப்படும் நாள்தான் வேறு.

ஆகவே சில வரம்புகளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணம், அதாவது கடை முதல், நிக்காஹ் செலவு, ஹஜ்ஜுக்கான தொகை, சந்தைக்குப் போகக் கூடாது. முதலில் கடனை அடையுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே வையுங்கள்.

மொத்தமாகப் போடாதீர்கள். மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ தொடர்ந்து போடுங்கள். விலை இறங்கிய மாதத்தில் அதே பணத்துக்கு அதிக அலகுகள் கிடைக்கும்.

எல்லாவற்றையும் பங்கில் போடாதீர்கள். தங்கமும் இருக்கட்டும், வாடகை தரும் இடமும் இருக்கட்டும். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டினால் பங்கின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.

இளைஞர்களே! கைபேசியில் காலையில் வாங்கி மாலையில் விற்கும் ஆசைக்கும், எஃப் அண்ட் ஓ வணிகத்துக்கும் இரையாகாதீர்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளில் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! பணம் வாங்க வருபவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். செபி இணையதளத்தில் சரிபாருங்கள். முகவர் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. 2014 டிசம்பரில் ஸ்டேட் வங்கியின் ஷரியா நிதித் திட்டம் தொடங்கும் நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. இஸ்லாமிய வங்கி யோசனையைத் தொடரப் போவதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி கூறிவிட்டது. நேர்வழி அடைபட்டால் மோசடிக்காரன் குறுக்கு வழி திறக்கிறான். இந்தக் கோரிக்கையை நாம் ஜனநாயக வழியில் மீண்டும் மீண்டும் எழுப்ப வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவனிடம் பொறுப்புச் சாட்டச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். இன்றிரவே கணக்குப் புத்தகத்தில் புதிதாக ஒரு பக்கம் எடுங்கள். மேலே 'முதுமை' என்று எழுதுங்கள். முதல் தொகை நூறு ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை.

யாரிடமும் கையேந்தாத முதுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.